தீவை விலைக்கு வாங்கிய வள்ளல்: ஜேம்ஸ் மேத்திசனின் கொடையும் கணக்கும்

ஸ்காட்லாந்தின் வடமேற்கே, பெருநிலத்தை விட்டு விலகி அட்லாண்டிக் கடலில் கிடக்கிறது லூயிஸ் தீவு. மரம் அதிகம் கிடையாது. எங்கு பார்த்தாலும் ஈரம் ஊறிய சதுப்பு. அந்தச் சதுப்பு மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டிக் காயவைத்துத்தான் தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாக அடுப்பெரித்தார்கள். 1844-ல் இந்தத் தீவு விலைக்கு வந்தது. வயல், மேய்ச்சல், ஏரி, கரை, ஸ்டோர்னோவே என்ற துறைமுக ஊர், அங்கே வாழ்ந்த 17,000-க்கும் மேற்பட்டவர்களின் குத்தகைகள் எல்லாம் சேர்த்து 1,90,000 பவுண்ட். வாங்கியவர் ஜேம்ஸ் மேத்திசன். அப்போது அவருக்கு வயது 47. சீனாவிலிருந்து கிளம்பி வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது.

ஸ்காட்லாந்தின் உள்ளூர் வரலாற்றில் அவர் பஞ்ச காலத்தில் சோறு போட்ட பண்ணையார். சீன வரலாற்றில் அவர் அபினிக் கடத்தல்காரர். இரண்டுமே உண்மை. ஒன்றை இன்னொன்றால் கழித்து மிச்சத்தைப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் கொடுத்த விதம். கொடுக்கிறவர், வாங்குகிறவனின் வீட்டுக்கும் நிலத்துக்கும் மாடு மேயும் புல்லுக்கும் அடுப்புக்கு வெட்டும் கரிக்கும் சொந்தக்காரராக இருந்தால் அந்தக் கொடை என்னவாக மாறுகிறது? அதற்கு மேத்திசனின் லூயிஸைப் போல் தெளிவான உதாரணம் அமைவது அரிது.

மேத்திசன் 1796-ல் சதர்லாந்து மாவட்டத்தில் லேர்க் அருகே உள்ள ஷினெஸில் பிறந்தார். பரம ஏழையும் இல்லை, பெரிய பிரபுவும் இல்லை. பிரபுவிடம் மொத்தமாக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, சிறு குடியானவர்களுக்கு உள்குத்தகை விடும் நடுத்தரக் குடும்பம். அவர் வளர்ந்த காலத்தில் அந்தப் பகுதியின் பழைய வாழ்க்கை குலைந்துகொண்டிருந்தது. ஆட்டுப் பண்ணைகளுக்காகச் சதர்லாந்து பள்ளத்தாக்குகளிலிருந்து ஊர் ஊராக மக்களை அப்புறப்படுத்தியது அந்த வருடங்களில்தான். ஹைலேண்ட்ஸ் என்ற அந்த வட ஸ்காட்லாந்து மலைநாட்டின் படித்த இளைஞர்களுக்குத் திறந்திருந்த வழிகளில் ஒன்று கிழக்கிந்தியா.

எடின்பரோவில் படித்துவிட்டு, லண்டனில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு, கல்கத்தாவில் மாமா பங்குதாரராக இருந்த வணிக நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். சீனாவுக்குக் கிளம்பும் கப்பலின் கேப்டனிடம் கொடுக்கச் சொல்லி மாமா ஒரு கடிதம் கொடுத்தாராம், பையன் மறந்துவிட்டான், கப்பல் போய்விட்டது, மாமா திட்டிய திட்டில் வேலையை விட்டு தென்சீனத் துறைமுகமான கான்டனுக்கே கப்பல் ஏறிவிட்டானாம். கடிதம் போகாத ஊருக்கு ஆள் போனார் என்று முடியும் இந்த மாதிரிக் கதைகளைப் பெரும் பணக்காரர்கள் வயதான பிறகு ரசித்துச் சொல்வது வழக்கம். அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கான்டனில் அவர் இறங்கிய வியாபாரத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனுக்குச் சீனத் தேயிலை வேண்டும். சீனாவோ தேயிலைக்கு வெள்ளிதான் கேட்டது. பிரிட்டன் விற்க வந்த கம்பளித் துணிக்கு அங்கே பெரிய கிராக்கி இல்லை. இந்தப் பள்ளத்தை நிரப்பியது இந்திய அபினி. பீகாரிலும் காசிப் பக்கத்திலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கட்டுப்பாட்டில் கசகசாச் செடி பயிரானது. கம்பெனி அபினியைப் பெட்டிகளில் அடைத்துக் கல்கத்தாவில் ஏலம் விட்டது. ஏலத்தோடு கம்பெனி கையைக் கழுவிக்கொள்ளும். சீனாவில் அபினி தடை செய்யப்பட்ட பொருள். தன் கப்பலில் அதை ஏற்றினால் தேயிலை வியாபாரத்துக்கே ஆபத்து. எனவே மிச்ச வேலை தனியார் வணிகர்களுடையது. அவர்கள் பெட்டிகளை முத்து ஆற்றின் முகத்துவாரத்தில், லின்டின் தீவருகே நங்கூரமிட்ட கப்பல்களில் இருப்பு வைத்தார்கள். சீன வியாபாரி கான்டனில் வெள்ளியைக் கட்டி ஒரு சீட்டு வாங்கிக்கொள்வான். துடுப்புகள் நிறைந்த வேகப் படகு ஒன்று இரவில் போய்ச் சீட்டைக் கொடுத்துச் சரக்கை எடுத்துவரும். அதிகாரிகளுக்குப் பங்கு தனி. அந்த வெள்ளி கம்பெனியின் கஜானா வழியாகத் தேயிலையாக மாறி லண்டன் போகும்.

இந்த ஏற்பாட்டில் மேத்திசன் வெறும் இடைத்தரகராக நிற்கவில்லை. 1823-லேயே ஸ்பானியக் கொடி பறந்த கப்பலில் அபினியோடு சீனக் கடற்கரையில் வடகிழக்கே போய், கான்டனுக்கு வெளியே சந்தை பிடிக்கப் பார்த்தார். 1827-ல் சீனாவின் முதல் ஆங்கிலச் செய்தித்தாளைக் கான்டனில் தொடங்கினார். அபினி விலை நிலவரமும் அதில் வரும். வில்லியம் ஜார்டின் என்ற முன்னாள் கப்பல் மருத்துவரோடு சேர்ந்து 1832-ல் ஜார்டின் மேத்திசன் நிறுவனத்தைத் தொடங்கினார். அந்த நிறுவனம் இன்றும் இருக்கிறது. ஜார்டின் கறாரான ஆள். மேத்திசன் புத்தகம், கடிதம், சட்டம், கணக்கு என்று பேனாவைப் பிடித்தவர். தடையற்ற வணிகத்துக்காக வாதாடி 1836-ல் தனியாக ஒரு சிறுநூலும் எழுதினார்.

இந்தச் சங்கிலியின் இன்னொரு முனை பம்பாயில் இருந்தது. மத்திய இந்தியாவில் விளைந்த மால்வா அபினியை அங்கிருந்து ஜார்டின் மேத்திசனுக்கு அனுப்பியவர்களில் முதன்மையானவர் பார்சி வணிகர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய். அந்தப் பணத்தில்தான் பம்பாயின் ஜே.ஜே. மருத்துவமனைக்கு நன்கொடை போனது. பிரிட்டிஷ் அரசு அவருக்கு 1842-ல் சர் பட்டமும் 1857-ல் பாரனெட் என்ற பரம்பரைப் பட்டமும் கொடுத்தது. மேத்திசன் பாரனெட் ஆனது 1851-ல். ஒரே சரக்கை விற்ற இருவர், ஆளுக்கொரு மூலையில் வள்ளலாகி, ஒரே பட்டத்தைப் பெற்றார்கள்.

1839-ல் பேரரசர் அனுப்பிய ஆணையர் லின் செஷூ கான்டனுக்கு வந்து, வெளிநாட்டு வணிகர்களிடமிருந்து 20,000-க்கும் மேற்பட்ட பெட்டி அபினியைப் பறிமுதல் செய்து, உப்பும் சுண்ணாம்பும் கலந்த குழிகளில் கரைத்துக் கடலில் விட்டார். மற்ற எவரையும்விட ஜார்டின் மேத்திசனுக்குத்தான் அதில் இழப்பு அதிகம். மேத்திசன் சீனாவிலிருந்து வெளியேற்றப்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றார். ஜார்டின் ஏற்கெனவே லண்டன் போய் வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டனைச் சந்தித்துப் போருக்கான யோசனைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். போர் வந்தது, 1842-ல் நான்ஜிங் உடன்படிக்கை, ஹாங்காங் பிரிட்டனுக்கு, அழிக்கப்பட்ட அபினிக்கு 60 லட்சம் டாலர் நஷ்டஈடு. மேத்திசன் பெரும் பணத்தோடு ஊர் திரும்பினார். 1843-ல் ஜார்டின் இறந்ததும் அவருடைய நாடாளுமன்றத் தொகுதியான ஆஷ்பர்ட்டன் மேத்திசனுக்கு வந்தது. அதே வருடம் மேரி ஜேன் பெர்சிவலை மணந்தார்.

இப்படி வந்த பணத்தை லண்டன் சமூகம் மரியாதையோடு ஏற்றுக்கொண்டது என்றாலும் முதுகுக்குப் பின்னால் சிரிக்காமல் இல்லை. பின்னாளில் பிரதமரான டிஸ்ரேலி 1845-ல் வெளியிட்ட நாவலில், கான்டனிலிருந்து புதிதாக வந்திறங்கிய ஸ்காட்லாந்துக்காரன் ஒருவன் பையில் அபினிப் பணத்தோடு தேர்தலில் நிற்கிறான். யாரைச் சொல்கிறார் என்று அன்றைக்கு விளக்க வேண்டிய தேவையே இல்லை.

சரி, லூயிஸுக்கு வருவோம். தீவு ஏன் விலைக்கு வந்தது? பழைய உரிமையாளர்களான சீஃபோர்த் மெக்கன்சி குடும்பம் கடனில் மூழ்கியிருந்தது. நெப்போலியன் போர்க் காலத்தில் ஹைலேண்ட் கரையோரங்களில் கடற்பாசியை எரித்து, சோப்புக்கும் கண்ணாடிக்கும் தேவையான காரச் சாம்பல் செய்து விற்றார்கள். போர் முடிந்து வெளிநாட்டுச் சரக்கு மலிவாக வந்ததும் அந்தத் தொழில் படுத்தது. ஆனால் அந்தத் தொழிலுக்காகக் கரையோரமாகத் துண்டு துண்டாக நிலம் கொடுத்துக் குடியமர்த்தப்பட்ட மக்கள் அங்கேயே பெருகினார்கள். நிலம் சிறுத்தது. சிறிய நிலத்தில் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பக்கூடிய பயிர் உருளைக்கிழங்கு ஒன்றுதான். அப்படியொரு தீவைத்தான் மேத்திசன் வாங்கினார், அதுவும் நோய்க்கு இரண்டு வருடம் முன்னால்.

1846-ல் அயர்லாந்தை அழித்த அதே உருளைக்கிழங்கு நோய் ஹைலேண்ட்ஸ் முழுக்கப் பரவியது. செடி ஒரு வாரத்தில் கருகும். கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகும். மேத்திசன் இந்த இடத்தில் தயங்கவில்லை. கப்பல் கப்பலாக ஓட்ஸ் மாவும் விதையும் வரவழைத்தார். அதற்கு மட்டும் 30,000 பவுண்டுக்கு மேல் செலவானது. அயர்லாந்தில் நடந்தது போன்ற கொத்துக் கொத்தான சாவு லூயிஸில் நடக்கவில்லை. அதில் அவர் பங்கை மறுப்பது நியாயமில்லை. தன் நிலத்தில் ஆள் சாவதைப் பார்த்துக்கொண்டு எடின்பரோவில் உட்கார்ந்திருந்த பண்ணையார்களும் அதே காலத்தில் இருந்தார்கள்.

ஆனால் அந்த மாவு சும்மா வந்ததில்லை. வேலை செய்து கழிக்க வேண்டும்; இல்லையென்றால் குத்தகை நிலுவையோடு கடனாக ஏறும். சாலை போடுவது, வடிகால் வெட்டுவது, சதுப்பைத் திருத்துவது, அப்புறம் கோட்டை கட்டுவது என்று வேலைக்குக் குறைவில்லை. ஸ்டோர்னோவே துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் கிளாஸ்கோ கட்டடக் கலைஞர் சார்லஸ் வில்சனின் வரைபடப்படி 1847-ல் தொடங்கி லூஸ் கோட்டை எழுந்தது. மரமே இல்லாத தீவில் வெளியிலிருந்து மண் கொண்டுவந்து கொட்டி, ஆயிரக்கணக்கில் மரம் நட்டார்கள். கோட்டைக்கும் தோட்டத்துக்குமாக ஏறக்குறைய ஒரு லட்சம் பவுண்ட். தீவு முழுதும் வாங்கிய விலையில் பாதிக்கும் மேல்.

மற்ற திட்டங்களும் இதே வேகத்தில் வந்தன. தீவை கிளாஸ்கோவோடு இணைக்க 1846-ல் ஒரு நீராவிக் கப்பல் கட்டி, மனைவியின் பெயரையே வைத்தார். மேரி ஜேன் என்ற அந்தச் சிறு கப்பல் பிற்காலத்தில் க்ளென்கோ என்று பெயர் மாறி 1931 வரை, 85 வருடம் ஓடியது. மேத்திசன் செய்த முதலீடுகளிலேயே நீண்ட நாள் உழைத்தது அதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. கராபோஸ்டில் செங்கல் சூளை. ஸ்டோர்னோவேயில் கப்பல் பழுதுபார்க்கும் சாய்தளம். பள்ளிக்கூடங்கள். சதுப்புக் கரியைக் காய்ச்சி மெழுகும் எண்ணெயும் தாரும் எடுக்க ஒரு ரசாயன ஆலை. இந்த ஆலை யோசனையில் தவறில்லை. ஆனால் 1859-க்குப் பிறகு அமெரிக்காவில் கிணற்றிலிருந்தே எண்ணெய் பொங்கி வந்தபோது கரியைக் காய்ச்சுகிறவர்கள் விலையில் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1870-களில் ஆலை மூடப்பட்டது. 1857-ல் கலானிஷ் கற்தூண்களைச் சுற்றி வளர்ந்திருந்த ஒன்றரை மீட்டர் சதுப்பை வெட்டி அகற்றச் சொன்னதும் அவர்தான். ஐயாயிரம் வருடப் பழமையான அந்தக் கல் வட்டத்தின் முழு உயரமும் அதன் பிறகே தெரிந்தது.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒரு வியாபாரியின் மனம் புரிகிறது. தீவை அவர் ஒரு நொடித்த நிறுவனத்தைப் போலப் பார்த்தார்: முதல் போடு, சாலை போடு, தொழில் கொண்டுவா, லாபம் தானாக வரும். முதல் ஆறு வருடங்களில் தீவிலிருந்து வந்த குத்தகைப் பணத்தைவிட அதிகமாக அவர் தீவில் செலவழித்தார். லாபம் வரவில்லை. திருத்திய சதுப்பு திரும்பச் சதுப்பானது. கிழங்கு திரும்பத் திரும்ப அழுகியது. நிலுவை ஏறிக்கொண்டே போனது. கான்டனில் விற்காத சரக்கை என்ன செய்வார்களோ அதைத்தான் இங்கேயும் செய்தார். கணக்கிலிருந்து கழித்தார். இம்முறை கழிக்கப்பட்டது மனிதர்கள்.

1851-ன் தொடக்கத்தில், பஞ்ச நிவாரணத்துக்காக விக்டோரியா அரசு அவரைப் பாரனெட் ஆக்கியது. அதே வருடம் அவருடைய காரியஸ்தர் ஜான் மன்ரோ மெக்கன்சி குளிரில் ஊர் ஊராக நடந்து, யார் யாரைக் கனடாவுக்கு அனுப்புவது என்று பட்டியல் எழுதினார். அந்த வருடத்து நாட்குறிப்பு தப்பிப் பிழைத்திருக்கிறது. கெட்ட ஆளின் எழுத்து அல்ல அது. கடமை தவறாத கணக்குப்பிள்ளையின் எழுத்து. குடும்பம் குடும்பமாக நிலுவை எவ்வளவு, மீன்பிடித்துப் பிழைக்கும் தெம்பு உண்டா, உடம்பு எப்படி என்று பார்த்துப் பிரிக்கிறார். கடலில் சம்பாதிக்கக் கூடியவர்கள் இருக்கலாம். இரண்டு வருடத்துக்கு மேல் நிலுவை வைத்து, அடைக்க வழியில்லாதவர்கள் கிளம்பலாம். கிளம்பினால் நிலுவை தள்ளுபடி, கப்பல் கட்டணம் இலவசம், மாட்டுக்கு விலை போட்டுப் பணம். மறுத்தால் நிலத்தைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ்.

பலர் மறுத்தார்கள், கொஞ்சம் பேர் விரும்பிப் போனார்கள், மிச்சம் பேர் வேறு வழியில்லாமல் போனார்கள். 1851-லிருந்து 1855-க்குள் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் கியூபெக்கிலும் ஒன்டாரியோவிலும் போய் இறங்கினார்கள். கியூபெக்கின் உட்பகுதியில் இன்றும் ஸ்டோர்னோவே என்ற பெயரில் ஒரு கிராமம் இருக்கிறது. கட்டணம் கொடுத்தது மேத்திசன் என்பதால் இதுவும் அவருடைய கொடைக் கணக்கிலேயே எழுதப்பட்டது. வேறு பண்ணையார்கள் கையில் விலங்கு மாட்டிக் கப்பல் ஏற்றியதோடு ஒப்பிட்டால் இது நாகரிகமானதுதான். ஆனால் தள்ளுபடி செய்யப்பட்ட அந்த நிலுவைக்குள், பஞ்சத்தில் தின்ற மாவின் விலையும் இருந்தது.

1853-ல் காரியஸ்தர் பொறுப்பு டொனால்ட் மன்ரோ என்ற வழக்கறிஞரிடம் போனது. அடுத்த இருபது வருடமும் லூயிஸ் மக்களுக்கு மேத்திசன் என்றால் கோட்டையில் தெரியும் விளக்கு. ஆட்சி என்றால் மன்ரோ. அரசுத் தரப்பு வழக்கறிஞர் அவர். ஏழைகள் நிவாரண வாரியம், பள்ளி வாரியம், துறைமுகம், தன்னார்வப் படை என்று ஒரு டஜனுக்கு மேற்பட்ட பதவிகளும் அவரிடம். குத்தகை நிலுவைக்கு நோட்டீஸ் விடுவதும் அவர், அதை மீறினால் வழக்குத் தொடுப்பதும் அவர், தெருவுக்கு வந்தால் உதவித்தொகை உண்டா இல்லையா என்று முடிவு செய்வதும் அவர். ஊரார் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ஷா. பாரசீகத்தின் ஷா.

மேத்திசனுக்கு இதெல்லாம் தெரியாதா? 1874-ல் அந்தக் கேள்விக்கு நீதிமன்றத்திலேயே பதில் கிடைத்தது.

மேற்குக் கரையில் பெர்னெரா என்ற குட்டித்தீவு. அங்கத்திய குடியானவர்கள் கோடையில் மாடுகளை எதிர்க்கரையில் மேய்ப்பது வழக்கம். மான் வேட்டைக் காட்டுக்காக அந்த மேய்ச்சலை மன்ரோ பிடுங்கி வேறு இடம் கொடுத்தார். எல்லைச் சுவரை மக்களே பல மைல் தூரம் கட்ட வேண்டியிருந்தது. கட்டி முடித்துக் கொஞ்ச காலத்திலேயே அதையும் விடச் சொன்னார். மறுத்தபோது 58 வெளியேற்ற நோட்டீஸ்கள் எழுதி, நீதிமன்ற ஊழியர் ஒருவரைப் பெர்னெராவுக்கு அனுப்பினார். இருட்டில் அவர்மேல் மண்கட்டிகள் விழுந்தன. மறுநாள் வழிமறித்த கூட்டத்தில் அவருடைய மேல்சட்டை கிழிந்தது. இதற்குப் பெயர் பெர்னெரா கலவரம். ஒரு சட்டை கிழிந்ததைத் தவிர வேறு சேதமில்லை.

குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவரை ஸ்டோர்னோவே தெருவில் பிடித்ததும், பெர்னெரா ஆண்கள் நூற்றுக்கும் மேல் திரண்டு, பைப் இசைக்காரரை முன்னால் விட்டு, இரவெல்லாம் நடந்து ஊருக்குள் வந்து, நேரே கோட்டைக்குப் போனார்கள். எழுபது வயது தாண்டிய மேத்திசன் வெளியே வந்து பேசினார். தனக்கு இதுபற்றி ஒன்றும் தெரியாது, விசாரிக்கிறேன் என்றார். அவருடைய மனைவி, சீமாட்டி மேத்திசன், வந்தவர்களுக்குச் சாப்பிடக் கொடுத்து அனுப்பினார். அந்த வருடம் ஜூலையில் வழக்கு நடந்தபோது இன்வெர்னெஸ் வழக்கறிஞர் சார்லஸ் இன்னஸ், மன்ரோவைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்: இத்தனை குடும்பங்களை வெளியேற்றும் முன் சர் ஜேம்ஸிடம் சொன்னீர்களா? இல்லை என்றார் மன்ரோ. எஸ்டேட் நிர்வாகத்தின் ஒவ்வொரு சின்ன விஷயத்துக்கும் சர் ஜேம்ஸிடம் போய்க் கேட்கும் பழக்கம் தனக்கில்லை என்றார்.

58 குடும்பங்கள், சின்ன விஷயம். குற்றம் சாட்டப்பட்ட மூவரும் விடுதலையானார்கள்; மறுவருடம் மன்ரோவின் காரியஸ்தர் பதவி போனது. ஹைலேண்ட் குடியானவர்கள் ஒரு பண்ணையின் அதிகாரத்தை நீதிமன்றத்தில் தோற்கடித்த முதல் வழக்காக இதைச் சொல்கிறார்கள்.

மேத்திசனின் தெரியாமையை நான் நடிப்பு என்று நினைக்கவில்லை. தெரிந்துகொள்ளத் தேவையில்லாதபடி அமைந்த ஏற்பாடு அது. லின்டின் கப்பல்களிலிருந்து சரக்கு எப்படிக் கரையேறியது, யார் புகைத்தார்கள் என்பதும் கான்டன் அலுவலகத்துக்குத் தெரிய வேண்டியிருந்ததில்லை. சீட்டு எழுதினால் போதும். லூயிஸில் கொடை அவர் பெயரில் நடந்தது, வசூல் மன்ரோ பெயரில் நடந்தது. நல்ல பெயரும் கெட்ட பெயரும் பிரிந்து தனித்தனி முகவரிக்குப் போய்ச் சேர்ந்தன.

மேத்திசன் 1878-ன் கடைசி நாளில் பிரான்சின் மென்டோனில் இறந்தார். லேர்க்கில் அடக்கம் செய்தார்கள். அப்போது அவரிடம் இருந்த நிலம் நான்கு லட்சம் ஏக்கருக்கு மேல். குழந்தைகள் இல்லை. தீவு சீமாட்டி மேத்திசன் கைக்குப் போனது. 1883-ல் குடியானவர்களின் நிலையை விசாரிக்க அரசு அமைத்த நேப்பியர் ஆணையம் ஊர் ஊராகப் போய்க் குடியானவர்களின் சாட்சியத்தைப் பதிவு செய்தது. 1886-ல் வந்த சட்டம் அவர்களுக்கு வெளியேற்றத்திலிருந்து பாதுகாப்பும், நியாயமான குத்தகையை ஒரு ஆணையம் நிர்ணயிக்கும் உரிமையும், பிள்ளைகளுக்கு நிலத்தை விட்டுச்செல்லும் உரிமையும் கொடுத்தது. மேத்திசன் மூன்று லட்சம் பவுண்ட் அளவுக்குச் செலவழித்தும் கொடுக்காத ஒன்று அது. அவர் கொடுக்க நினைத்திருந்தால் ஒரு பைசா செலவிருந்திருக்காது. ஆனால் நிலமே இல்லாதவர்களுக்கு அந்தச் சட்டம் ஒன்றும் செய்யவில்லை. 1887 நவம்பரில் லூயிஸின் பைர்க் பகுதியில் அவர்கள் கூட்டமாக மான் காட்டுக்குள் புகுந்து மான்களைச் சுட்டுத் தின்றார்கள்.

சீமாட்டி 1896-ல் இறந்ததும் லூயிஸ் தீவு யாருக்குப் போனது என்பதுதான் இந்தக் கதையிலேயே வினோதமான திருப்பம். மேத்திசனின் அண்ணன் மகன் டொனால்ட் மேத்திசன் இளவயதில் அதே நிறுவனத்தின் பங்குதாரராகச் சீனாவில் இருந்தவர். அபினி விற்க மனசாட்சி ஒப்பவில்லை என்று 1840-களின் இறுதியில் விலகினார். பிறகு லண்டனில் அபினி வணிகத்தை ஒழிக்கப் பாடுபட்ட சங்கத்தில் சேர்ந்து அதன் தலைவராகவும் ஆனார். அபினிப் பணத்தில் வாங்கிய தீவுக்கு வாரிசானவர் அவர்தான்.

1918-ல் குடும்பம் தீவை விற்றது. வாங்கியவர் சன்லைட் சோப் புகழ் லெவர்ஹியூம் பிரபு. அவரும் பெரும் பணக்காரர், அவரும் மக்களுக்கு நல்லது செய்யும் பெரிய திட்டங்களோடு வந்தவர், மீன் தொழிற்சாலை கட்டித் தீவை மாற்றிவிடலாம் என்று நம்பியவர். போரிலிருந்து திரும்பிய வீரர்கள் அவரிடம் தொழிற்சாலை வேலை கேட்கவில்லை, நிலம் கேட்டார்கள். ஐந்து வருடத்தில் அவர் கைவிட்டார். போகும்போது தீவையே மக்களுக்குக் கொடுக்க முன்வந்தார். செலவுக்குப் பயந்து கிராமப் பகுதிகள் தயங்க, ஸ்டோர்னோவே மட்டும் ஒப்புக்கொண்டது. 1923-ல் ஸ்டோர்னோவே சுற்றுவட்டார நிலமும், மேத்திசன் கட்டிய கோட்டையும், அங்கே குடியிருப்பவர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அறக்கட்டளையின் கைக்கு வந்தன.